ரொக்கெட் வண்டிகளின் முன்னோடி மக்ஸ் வாலியர் (1895 – 1930)

அறிமுகம்

மாணவர்களே, கோயில் திருவிழாவிலே வாணம் விடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திரியில் தீ பற்றியதும் உள்ளேயிருக்கும் மருந்து எரிந்து, வாயு கீழ்நோக்கிச் சீறுகின்றது. வாணம் மேல்நோக்கிப் பாய்கின்றது. ஒவ்வொரு தாக்கத்திற்கும் சமனானதும் எதிரானதுமான மறுதாக்கம் உண்டு என்னும் நியூற்றனின் மூன்றாம் விதிக்கு இது நல்ல உதாரணமாகும்.

இதே வாணத்தை ஒரு மோட்டார் காரின் பின்புறத்திற் கட்டிப் பற்றவைத்தால் என்ன நடக்கும்? இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் 1928 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் இது உண்மையாகவே செய்து பார்க்கப்பட்டது. காரில் மட்டுமன்றி, மோட்டார் சைக்கிளிலும், மிதவை விமானத்திலும், தண்டவாள வண்டியிலும், பனிச்சறுக்கு வண்டியிலும் ரொக்கெட்டுகள் பொருத்தப்பட்டன. இம்முயற்சிகளைத் தூண்டிவிட்டவர் மக்ஸ் வாலியர் ஆவார்.

இன்றும் மேலைநாடுகளிலே, மாதிரி விமானங்களுக்காகச் செய்யப்படும் சிறிய ஜெட் இயந்திரங்களை வாங்கி, மோட்டார் சைக்கிளிலும் சிறு பந்தய வண்டிகளிலும் பூட்டி ஓடுகின்ற பொழுதுபோக்காளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதும், வாலியர் செய்ததும் ஒரே விதியின் பிரயோகமே. ஆயினும் வாலியருக்கு இது பொழுதுபோக்கன்று. அவருடைய கண் விண்வெளியில் இருந்தது. அப்படியானால் அவர் ஏன் நிலத்திலே ஓடும் வண்டிகளில் ரொக்கெட்டைப் பூட்டினார்? இக்கேள்வியை மனத்திற் கொண்டு இப்பாடத்தை வாசியுங்கள்.

1. இளமைக் காலம்

மக்ஸ் வாலியர் 1895 பெப்ரவரி 9 ஆம் திகதி போட்சன் என்னும் நகரிற் பிறந்தார். அல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள இந்நகர் அக்காலத்தில் ஒஸ்திரியா - ஹங்கேரிப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. முதலாம் உலக யுத்தத்தின் பின்னர் இது இத்தாலியுடன் சேர்க்கப்பட்டது. இன்று போல்சானோ எனவும் அழைக்கப்படுகின்றது.

பாடசாலைக் காலத்திலேயே வாலியருக்கு வானியலில் மிகுந்த ஆர்வம் இருந்தது. 1913 இல் இன்ஸ்புறுக் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து பௌதிகவியல் முதலிய பாடங்களைக் கற்கத் தொடங்கினார். இதற்கிடையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரவேலையும் பழகினார். நூலறிவோடு கைத்தொழில் அறிவும் சேர்ந்தமை பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது.

1914 இல் முதலாம் உலக யுத்தம் வெடித்தது. வாலியரின் படிப்பு இடையில் நின்றது. அவர் ஒஸ்திரியா - ஹங்கேரியின் விமானப்படைப் பிரிவில், விமானத்தில் அமர்ந்து எதிரியின் நிலைகளை நோக்கும் அவதானியாகப் பணியாற்றினார். யுத்தம் முடிந்த பின்னர் அவர் பட்டப்படிப்பை நிறைவு செய்யவில்லை. விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியும், ஊர் ஊராகச் சென்று விரிவுரைகள் ஆற்றியும் வாழ்க்கை நடத்தினார். கடினமான விடயங்களைச் சாதாரண மக்களுக்கு விளங்கும்படி சொல்லும் திறமை அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

இங்கு ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். வாலியர் நம்பியவை எல்லாம் சரியானவையல்ல. அண்டம் முழுவதும் பனிக்கட்டியை அடிப்படையாகக் கொண்டு உருவானது என்று ஹான்ஸ் ஹேர்பிகர் என்பவர் கூறிய கொள்கையை வாலியர் தீவிரமாக ஆதரித்தார். அது ஆதாரமற்ற கொள்கை. வானியலாளர் அதனை ஏற்கவில்லை. ஒரு துறையிலே தவறான கருத்தைப் பற்றிநின்ற ஒருவர் இன்னொரு துறையிலே முன்னோடியாக விளங்கலாம் என்பதற்கு வாலியரின் வாழ்க்கை ஒரு சான்று.

2. வாழ்க்கையைத் திருப்பிய நூல்

1923 இல் ஹேர்மன் ஓபேர்த் என்பவர், ரொக்கெட் மூலம் கோள்களுக்கிடையே பயணம் செய்வது பற்றிய சிறிய நூல் ஒன்றை வெளியிட்டார். அது சமன்பாடுகள் நிறைந்த நூல். சாதாரண வாசகர் அதனை எளிதில் விளங்கிக்கொள்ள முடியாது. ஆனால் அதனைப் படித்த வாலியரின் மனத்திலே பெருங்கிளர்ச்சி ஏற்பட்டது.

அவர் ஓபேர்த்துடன் கடிதத் தொடர்பு கொண்டார். ஓபேர்த்தின் கருத்துகளை எல்லோரும் வாசிக்கத்தக்க எளிய நடையில் எழுதி 1924 இல் ஒரு நூலாக வெளியிட்டார். நூலிலே காணப்பட்ட சில தொழினுட்பப் பிழைகள் ஓபேர்த்துக்கு மனக்குறையை ஏற்படுத்தின. எனினும் நூல் நன்கு விற்பனையாகிப் பல பதிப்புகளைக் கண்டது. விண்வெளிப் பயணம் என்பது கதையல்ல, கணக்கிடக்கூடிய ஒன்று என்னும் எண்ணம் ஜேர்மன் மொழி பேசும் இளைஞரிடையே பரவியது.

1927 யூலை 5 ஆம் திகதி பிரெஸ்லாவு நகரில் (இன்று இது போலந்திலுள்ள விரொட்ஸ்வாவ்) விண்வெளிப் பயணச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. யோகான்னஸ் விங்க்லர் அதன் தலைவரானார். சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் வாலியரும் ஒருவர். பிற்காலத்தில் புகழ்பெற்ற ரொக்கெட் பொறியியலாளர் சிலர் இச்சங்கத்திலேயே தமது பயிற்சியை ஆரம்பித்தனர்.

3. வாலியரின் நான்கு படிகள்

விண்ணுக்குச் செல்லும் ரொக்கெட்டை ஒரேயடியாகக் கட்டிவிட முடியாது. படிப்படியாகவே செல்லவேண்டும் என வாலியர் கருதினார். அவருடைய திட்டத்தைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

முதலாம் படி: ரொக்கெட்டைச் சோதனை மேடையிற் பூட்டி அதன் உதைப்பு விசையை அளத்தல்.
இரண்டாம் படி: கார், தண்டவாள வண்டி, சறுக்கு வண்டி, மிதவை விமானம் என்பவற்றில் அதனைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தல்.
மூன்றாம் படி: விமானத்தில் ரொக்கெட்டைப் பயன்படுத்தி மிக உயரத்திற் பறத்தல்.
நான்காம் படி: விண்கலம் அமைத்தல்.

ஓபேர்த் இத்திட்டத்தை ஏற்கவில்லை. காரிலும் விமானத்திலும் ரொக்கெட்டைப் பூட்டுவதால் விண்கலம் உருவாகாது என்பது அவரது எண்ணம். வெடிமருந்து ரொக்கெட்டுகள் அதற்குப் போதிய வலுவற்றவை. திரவ எரிபொருளே தேவை என அவர் கணக்கிட்டிருந்தார். வாலியரும் இதனை அறியாதவரல்லர். ஆனால் திரவ எரிபொருள் இயந்திரம் செய்வதற்குப் பெரும் பணம் வேண்டும். பணம் வேண்டுமானால் மக்களின் கவனத்தைக் கவரவேண்டும். அறைக்குள்ளே நடக்கும் சோதனையை யாரும் பார்க்கமாட்டார்கள். தீயைக் கக்கிக்கொண்டு ஓடும் காரை உலகமே பார்க்கும். இதுவே வாலியரின் கணக்கு.

4. ஓப்பெலுடன் கூட்டு

வாலியர் பல இடங்களில் உதவி கேட்டு அலைந்தார். இறுதியில் ஓப்பெல் மோட்டார் நிறுவனத்தைச் சேர்ந்த பிரிட்ஸ் வொன் ஓப்பெல் அவருக்குக் கைகொடுத்தார். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த அடம் ஓப்பெலின் பேரனாகிய இவர் வேகத்திலும் விளம்பரத்திலும் நாட்டமுள்ளவர். ரொக்கெட்டுகளைச் செய்து கொடுப்பதற்குப் பிரீட்றிச் சாண்டர் என்பவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆபத்துக்குள்ளான கப்பல்களுக்குக் கயிறு எறிவதற்குப் பயன்படும் வெடிமருந்து ரொக்கெட்டுகளைச் செய்வது சாண்டரின் தொழில்.

எண்ணத்தை வாலியரும், பணத்தை ஓப்பெலும், ரொக்கெட்டைச் சாண்டரும் கொடுத்தனர். 1928 ஏப்ரலில் றுசெல்ஸ்ஹைம் நகரிலுள்ள ஓப்பெல் நிறுவனத்தின் ஓடுபாதையில் முதலாவது ரொக்கெட் கார் ஓடியது. குர்ட் வொல்க்ஹார்ட் என்னும் பந்தய ஓட்டுநர் அதனைச் செலுத்தினார். பின்புறத்திற் பொருத்தப்பட்டிருந்த 12 ரொக்கெட்டுகளுள் சில பற்றவில்லை. அப்படியிருந்தும் கார் சில செக்கன்களிலேயே மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தை அடைந்தது.

1928 மே 23 ஆம் திகதி பேர்லினிலுள்ள அவுஸ் பந்தயப் பாதையில் இரண்டாவது கார் பொதுமக்கள் முன்னிலையில் ஓடியது. இதில் 24 ரொக்கெட்டுகள் இருந்தன. பிரிட்ஸ் வொன் ஓப்பெலே அதனைச் செலுத்தினார். காரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றரை எட்டியது.

இக்காரின் இரு பக்கங்களிலும் சிறிய இறக்கைகள் இருந்தன. இவை காரைப் பறக்கச் செய்வதற்கானவையல்ல. விமான இறக்கையின் சாய்வைத் தலைகீழாக மாற்றி அமைத்தால், மோதும் வளி வண்டியைக் கீழ்நோக்கி அழுத்தும். வேகத்தில் கார் நிலத்தை விட்டு எழும்பிவிடாமல் இருக்கவே அவை பொருத்தப்பட்டன. இன்றைய பந்தயக் கார்களிலும் இம்முறை கையாளப்படுவதை நீங்கள் படங்களில் அவதானிக்கலாம்.

5. மோட்டார் சைக்கிளும் பிற வண்டிகளும்

அதே ஆண்டில் ஓப்பெல் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் ஒன்றிலும் ரொக்கெட்டுகள் பொருத்தப்பட்டன. பின்சில்லின் இருபுறமும் மும்மூன்றாக ஆறு ரொக்கெட்டுகள் இருந்தன. முதலிற் சாதாரண இயந்திரத்தினால் வேகம் பெற்று, அதன் பின்னரே ரொக்கெட்டுகள் பற்றவைக்கப்படும். ஆயினும் இரு சில்லுகளில் நிற்கும் வண்டி இத்தகைய உதைப்பைத் தாங்கி நேராகச் செல்வது கடினம். ஆபத்தைக் கருதி அதிகாரிகள் இதற்குத் தடைவிதித்தனர்.

1928 யூன் 11 ஆம் திகதி வாசர்குப்பே மலையில் வரலாற்று நிகழ்வொன்று நடைபெற்றது. தாரா எனப் பொருள்படும் பெயருடைய மிதவை விமானத்தில் சாண்டரின் ரொக்கெட்டுகளைப் பொருத்தி, பிரிட்ஸ் ஸ்டாமர் என்னும் விமானி ஏறத்தாழ 1,500 மீற்றர் தூரம் பறந்தார். ரொக்கெட்டின் விசையால் மனிதர் பறந்த முதலாவது சந்தர்ப்பம் இதுவாகும். அடுத்த பறப்பின்போது ஒரு ரொக்கெட் வெடித்து இறக்கையில் தீப்பற்றியது. ஸ்டாமர் உயிர் தப்பித் தரையிறங்கினார், விமானம் அழிந்தது.

அதே மாதம் 23 ஆம் திகதி ஹனோவர் நகருக்கு அருகே ஆளில்லாத தண்டவாள வண்டி ஒன்று மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடியது. மேலும் அதிக ரொக்கெட்டுகளுடன் இரண்டாம் முறை ஓடவிட்டபோது அது தண்டவாளத்தை விட்டுப் பாய்ந்து சிதைந்தது.

6. ரொக்கெட் ஏன் காருக்குப் பொருந்துவதில்லை?

இத்தனை வேகமாக ஓடியும் ரொக்கெட் கார் ஏன் வீதிக்கு வரவில்லை? இதனை ஓர் எளிய கணிப்பின் மூலம் விளங்கிக்கொள்வோம்.

கார் மணிக்கு 230 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது எனக் கொள்க. இது செக்கனுக்கு ஏறத்தாழ 64 மீற்றர் ஆகும். ரொக்கெட்டிலிருந்து ஒவ்வொரு செக்கனிலும் 1 கிலோகிராம் வாயு, கார் சார்பாகச் செக்கனுக்கு 1,000 மீற்றர் வேகத்திற் பின்னோக்கி வெளியேறுகிறது எனக் கொள்க.

காரின் மீது தொழிற்படும் உதைப்பு விசை = 1 × 1,000 = 1,000 நியூற்றன்
ஒரு செக்கனிற் கார் செல்லும் தூரம் = 64 மீற்றர்
காருக்குக் கிடைக்கும் வேலை = 1,000 × 64 = 64,000 யூல்

இனி வெளியேறிய வாயுவைக் கவனியுங்கள். நிலம் சார்பாக அது செக்கனுக்கு 1,000 – 64 = 936 மீற்றர் வேகத்திற் பின்னோக்கிச் செல்கிறது.

வாயு கொண்டுசெல்லும் இயக்கசக்தி = ½ × 1 × 936 × 936 = ஏறத்தாழ 438,000 யூல்

அதாவது மொத்தம் 502,000 யூலில் காருக்குக் கிடைத்தது 64,000 யூல் மட்டுமே. இது ஏறத்தாழ 13 சதவீதம். மீதி முழுவதும் வாயுவோடு போய்விடுகிறது. வெப்பமாக இழக்கப்படும் சக்தி இக்கணக்கிற் சேரவில்லை. காரின் வேகம் குறையக் குறைய இந்த வினைத்திறன் இன்னும் குறையும்.

மறுபுறம், வண்டியின் வேகம் வாயு வெளியேறும் வேகத்துக்குச் சமமாகுமாயின், வாயு நிலம் சார்பாக ஓய்வில் இருக்கும். அப்போது அது இயக்கசக்தி எதனையும் கொண்டுசெல்லாது. ஆகவே ரொக்கெட் என்பது மிக உயர்ந்த வேகத்துக்குரிய இயந்திரம். வளித்தடையும் சில்லுகளும் வீதியின் வளைவுகளும் அத்தகைய வேகத்தை நிலத்தில் அனுமதிப்பதில்லை.

ஜெட் இயந்திரத்துக்கும் இதே குறை உண்டு. ஜெட் இயந்திரம் எரிதலுக்கு வேண்டிய ஒட்சிசனைச் சுற்றியுள்ள வளியிலிருந்து பெறுகிறது; ரொக்கெட் தன்னுடனேயே கொண்டுசெல்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு இதுவே. இரண்டும் வேகமான வாயுவைப் பின்னே தள்ளியே முன்னேறுகின்றன. எனவேதான் மோட்டார் சைக்கிளிற் பூட்டிய சிறிய ஜெட் இயந்திரம் பெரும் இரைச்சல் எழுப்புகிறது. எரிபொருளை அள்ளிக் குடிக்கிறது. புறப்படும்போதோ மெதுவாகவே வேகம் பெறுகிறது. பின்னால் வருபவருக்குச் சூடான வாயுவும் ஆபத்தாகிறது. சாதாரண இயந்திரமோ சில்லின் மூலம் நிலத்தைத் தள்ளுகிறது. பூமி மிகப் பெரிய திணிவுடையது. ஆகவே அதனைத் தள்ளுவதில் வீணாகும் இயக்கசக்தி புறக்கணிக்கத்தக்கது.

7. பிரிவும் பனிச்சறுக்கு வண்டியும்

பத்திரிகைகளில் ஓப்பெலின் பெயரே பெரிதாக வெளிவந்தது. ஓப்பெலுக்கு வேண்டியது விளம்பரம். வாலியருக்கு வேண்டியது விண்வெளி. இருவர் வழியும் 1928 இலேயே பிரிந்தன. வாலியர் வேறொரு வெடிமருந்து நிறுவனத்தின் துணையோடு தண்டவாள வண்டிகளைச் சோதித்தார்.

பின்னர் அவர் சில்லுகளையே விலக்கிவிட்டுப் பனிச்சறுக்கு வண்டியை அமைத்தார். சில்லுகள் மிக வேகமாகச் சுழலும்போது உடைந்து சிதறும் அபாயம் உண்டு. சறுக்கு வண்டியில் அந்த அபாயம் இல்லை. 1929 பெப்ரவரியில், மியூனிக் நகருக்குத் தெற்கேயுள்ள ஸ்டார்ன்பேர்க் ஏரி உறைந்திருந்தது. அதன் மேல் ஆளில்லாத ரொக்கெட் சறுக்கு வண்டி ஒன்று மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வேகத்தை எட்டியதாகப் பதிவாகியுள்ளது.

ஆனால் வாலியருக்கு இது போதவில்லை. வெடிமருந்து ரொக்கெட்டைப் பற்றவைத்தால் எரிந்து முடியும்வரை அதனை நிறுத்தவோ குறைக்கவோ முடியாது. அதன் வாயு வேகமும் விண்வெளிக்குப் போதாது. காட்சி காட்டியது போதும், இனி உண்மையான இயந்திரத்தைச் செய்யவேண்டும் என்னும் நிலைக்கு அவர் வந்தார்.

8. திரவ எரிபொருள் இயந்திரம்

பேர்லினில் பவுல் ஹைலாண்ட் என்பவர் வாயுக்களைத் திரவமாக்கும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். திரவ ஒட்சிசன் அங்கே கிடைத்தது. இது –183 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவம், கையாள்வது கடினம். ஹைலாண்ட் வாலியருக்கு இடமும் பொருளும் கொடுத்தார். வால்டர் றீடல் என்னும் பொறியியலாளர் உதவிக்கு வந்தார்.

மதுசாரத்தையும் திரவ ஒட்சிசனையும் தகன அறைக்குள் செலுத்தி எரிப்பதே அவர்களுடைய முறை. வால்வைத் திறந்தும் மூடியும் எரிதலைக் கட்டுப்படுத்தலாம். தகன அறை உருகாமற் காக்கவேண்டும். இரு திரவங்களும் சரியான விகிதத்திற் கலக்கவேண்டும். 1930 ஜனவரியில் இயந்திரம் வெற்றிகரமாக எரிந்தது.

இந்த இயந்திரத்தை வாலியர் ஒரு காரிற் பொருத்தினார். 1930 ஏப்ரல் 19 ஆம் திகதி அக்கார் ஓடியது. ஓப்பெலின் காரைப்போல் அது வேகமாகச் செல்லவில்லை. பார்ப்பதற்கும் அத்தனை ஆரவாரமில்லை. ஆனால் திரவ எரிபொருள் ரொக்கெட்டினால் ஒரு கார் ஓடியது அதுவே முதன்முறை. 230 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய காரை விட இந்த மெதுவான காரே விண்வெளிக்குக் கிட்டியது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

9. இறுதி நாள்

1930 மே 17 ஆம் திகதி மாலை. வாலியரும் உதவியாளர்களும் ஹைலாண்ட் தொழிற்சாலையில் இயந்திரத்தை மேலும் சோதித்துக்கொண்டிருந்தனர். இயந்திரம் சோதனை மேடையில் இருந்தது. வாலியர் அதன் அருகிலேயே நின்றார். திடீரெனத் தகன அறை வெடித்தது. சிதறிய உலோகத் துண்டொன்று வாலியரின் மார்பிற் பாய்ந்து, இதயத்திலிருந்து நுரையீரலுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடியை அறுத்தது. சிறிது நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 35.

தீயைக் கக்கும் வண்டிகளோடு பழகிய காலத்தில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. பார்வையாளர் எவருமற்ற சோதனை மேடையில், அமைதியான வேலையின்போது மரணம் வந்தது. அதற்கு மூடநம்பிக்கையான காரணம் தேடவேண்டியதில்லை. வெடிக்கக்கூடிய ஒரு பொருளுக்கும் மனிதருக்கும் இடையிலே உறுதியான தடுப்புச் சுவர் இருக்கவேண்டும். இயந்திரத்தைத் தூரத்திலிருந்தே இயக்கவேண்டும். இன்று எந்த ரொக்கெட் சோதனை நிலையத்திலும் இதுவே முதல் விதி. அன்று அந்த விதி எழுதப்பட்டிருக்கவில்லை.

10. அவருக்குப் பின்

வாலியரின் மரணத்துக்குப் பின் ஆர்தர் றுடோல்ப் என்னும் இளம் பொறியியலாளர், எரிபொருள் பீச்சும் முறையைத் திருத்தி, மேலும் பாதுகாப்பான இயந்திரத்தை வடிவமைத்தார். 1931 இல் அந்த இயந்திரம் பொருத்திய கார் பேர்லினில் மக்கள் முன் ஓடிக் காட்டப்பட்டது. ஆனால் ரொக்கெட் கார்களின் காலம் அத்தோடு முடிவடையத் தொடங்கியது.

றீடலும் றுடோல்பும் பின்னர் ஜேர்மன் இராணுவத்தின் ரொக்கெட் பணியிற் சேர்ந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் அங்கே உருவான வி-2 ஏவுகணையும் மதுசாரத்தையும் திரவ ஒட்சிசனையுமே எரித்தது. அது இலண்டன், அன்ட்வேர்ப் முதலிய நகரங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதனைக் கட்டுவதற்குக் கைதிகள் அடிமைகளாக வேலைவாங்கப்பட்டு, அவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்தத் தொழிற்சாலையில் உற்பத்திப் பொறுப்பில் இருந்த றுடோல்ப், யுத்தத்தின் பின் அமெரிக்கா சென்று, மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய சற்றேர்ண்-5 ரொக்கெட் திட்டத்தின் பணிப்பாளரானார். அடிமைத் தொழிலாளர் விடயத்தில் நடந்த விசாரணையின் பின்னர், 1984 இல் அமெரிக்காவை விட்டு வெளியேறினார்.

ஒரே அறிவு சந்திரனுக்கும் செல்கிறது, நகரங்களையும் அழிக்கிறது. அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர். வாலியர் இவற்றில் எதையும் காண உயிரோடிருக்கவில்லை. சந்திரனின் மறுபக்கத்திலுள்ள ஒரு குழிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

11. மதிப்பீடு

இப்போது தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு வருவோம். விண்ணை நோக்கியவர் ஏன் வண்டிகளில் ரொக்கெட்டைப் பூட்டினார்? வண்டிகள் அவருக்கு இலக்கல்ல, படிகள் மட்டுமே. வண்டிக்கு ரொக்கெட் பொருந்தாது என்ற ஓபேர்த்தின் கருத்து சரியானதே. ஆனால் மக்கள் ரொக்கெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், தொழிற்சாலையொன்றின் கதவு வாலியருக்குத் திறந்ததும் அந்த வண்டிகளாலேயே என்பதும் உண்மை. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. பரீட்சையில் இதுபற்றி எழுதும்போது ஒரு பக்கத்தை மாத்திரம் எழுதாமல், இரு பக்கங்களையும் காட்டி உங்கள் முடிவைக் கூறுங்கள்.

காலக்கோடு

1895 – போட்சன் நகரிற் பிறப்பு
1913 – இன்ஸ்புறுக் பல்கலைக்கழகத்திற் சேர்தல்
1924 – விண்வெளிப் பயணம் பற்றிய நூல் வெளியீடு
1927 – விண்வெளிப் பயணச் சங்கம் அமைத்தல்
1928 – ரொக்கெட் கார்கள், மோட்டார் சைக்கிள், மிதவை விமானம், தண்டவாள வண்டி
1929 – பனிச்சறுக்கு வண்டிச் சோதனை
1930 ஏப்ரல் 19 – திரவ எரிபொருள் ரொக்கெட் கார்
1930 மே 17 – மரணம்

நினைவிற் கொள்க

• ரொக்கெட், ஜெட் இயந்திரம் இரண்டும் நியூற்றனின் மூன்றாம் விதிப்படி இயங்குகின்றன.
• ஜெட் இயந்திரம் வளியிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தும். ரொக்கெட் ஒட்சியேற்றியைத் தன்னுடன் கொண்டுசெல்லும். ஆகவே வெற்றிடத்தில் ரொக்கெட் மட்டுமே இயங்கும்.
• வண்டியின் வேகம் குறைவாக இருக்கும்போது, சக்தியின் பெரும்பகுதி வாயுவோடு வீணாகும்.
• திண்ம எரிபொருளின் எரிதலை இடையில் நிறுத்துவது கடினம். திரவ எரிபொருளை வால்வினாற் கட்டுப்படுத்தலாம்.

பயிற்சி வினாக்கள்

1. வாலியரின் திட்டத்திலுள்ள நான்கு படிகளையும் வரிசைப்படி எழுதுக.
2. ரொக்கெட் காரில் இறக்கைகள் பொருத்தப்பட்டமைக்குக் காரணம் யாது?
3. கார் ஒன்று செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்திற் செல்கிறது. அதிலிருந்து ஒரு செக்கனில் 1 கிலோகிராம் வாயு, கார் சார்பாகச் செக்கனுக்கு 1,000 மீற்றர் வேகத்திற் பின்னோக்கி வெளியேறுகிறது. காருக்குக் கிடைக்கும் வேலையையும் வாயு கொண்டுசெல்லும் இயக்கசக்தியையும் காண்க. இதிலிருந்து நீர் பெறும் முடிவு யாது?
4. 1928 இல் ஓடிய வேகமான காரை விட 1930 இல் ஓடிய மெதுவான கார் முக்கியமானது எனக் கூறப்படுவது ஏன்? விளக்குக.
5. ஆய்வுகூடத்திற் பாதுகாப்பு முறைகள் அவசியம் என்பதை வாலியரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குக.

விடைக் குறிப்பு (வினா 3): காருக்குக் கிடைக்கும் வேலை 25,000 யூல். நிலம் சார்பாக வாயுவின் வேகம் செக்கனுக்கு 975 மீற்றர்; அதன் இயக்கசக்தி ஏறத்தாழ 475,000 யூல். காருக்குக் கிடைப்பது மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதமே. பாடத்திலுள்ள 13 சதவீதத்துடன் இதனை ஒப்பிட்டு, வேகம் குறையும்போது வினைத்திறனும் குறையும் என எழுதுக.